12 நாள் காசிப் பயணம்: வலிப்பு மாத்திரை சாப்பிடும் நாயைப் பார்த்துக்கொள்ளப் போகும் பையனுக்கு என்ன எழுதி வைப்பது?

கொல்லைப்புறம் (பாபநாசம் பக்கம்)

எல்லோருக்கும் வணக்கம். ஒரு யோசனை வேண்டும், கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்தத் தீபாவளிக்கு மாமியாரைக் காசிக்கு அழைத்துப் போகிறோம். தங்க அன்னபூரணியை ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று பல வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார், இந்த வருஷம்தான் அமைந்தது. பிரயாகை, கயா எல்லாம் சேர்த்து 12 நாள். தீபாவளிக்கு மூன்று நாள் முன்னால் கிளம்புகிறோம்.

வீட்டில் செம்பன் இருக்கிறான். நாட்டு நாய், 7 வயது, 20 கிலோ. மூன்று வருஷமாக வலிப்பு. காலை 8 மணிக்கு ஒன்று, ராத்திரி 8 மணிக்கு ஒன்று என்று ஃபினோபார்பிட்டோன் 60 மி.கி. மாத்திரை ஓடுகிறது. கடைசியாக ஆடி மாதம் ஒரு தடவை வந்தது, அதற்கப்புறம் இல்லை. கூடவே மீனு என்று ஒரு பெண் பூனை, கருத்தடை செய்தது, பகலெல்லாம் வைக்கோல் போரில் கிடக்கும், இருட்டினால் ரேழிக்கு வந்துவிடும்.

எதிர்வீட்டுப் பையன்தான் பார்த்துக்கொள்ளப் போகிறான். கல்லூரியில் இரண்டாம் வருஷம் படிக்கிறான், செம்பன் குட்டியாக வந்த நாளிலிருந்து இவன் மடியில் வளர்ந்தவன். அவனுக்காக உட்கார்ந்து ஆறு பக்கம் எழுதினேன். சாப்பாடு, மாத்திரை, குளியல், உண்ணி, எந்தத் தட்டு யாருக்கு, எந்தத் துணி மழைக்கு என்று ஒன்று விடவில்லை. அவன் முழுக்கப் படித்துவிட்டு, "அத்தை, இதுல எதை முதல்ல பார்க்கணும்?" என்று கேட்டான். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அன்று ராத்திரி தூக்கமே வரவில்லை.

பிராணிகளை விட்டுவிட்டு வெளியூர் போனவர்கள், பார்த்துக்கொண்டவர்கள் யாராவது சொல்லுங்கள். எதை எழுத வேண்டும், எதை விட வேண்டும்? தஞ்சாவூரிலோ திருச்சியிலோ காப்பகத்தில் விடச் சொல்ல வேண்டாம். ஒரு தடவை இரண்டு நாள் விட்டுப் பார்த்தோம், கூண்டுக்குள் கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போய் வந்தான். இவனுக்கு அது ஒத்துவராது.

வடுவூர்க்காரன்

அக்கா, நான் அந்தத் தம்பியின் இடத்தில் இருந்தவன். படிக்கும் காலத்தில் எங்கள் தெருவில் மூன்று வீட்டு நாய்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், அதனால் வாங்கிக்கொண்டவன் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

ஆறு பக்கத்தைக் கிழித்துப் போட வேண்டாம். ஆனால் முதல் பக்கம் தனியாக இருக்கட்டும். தப்பினால் உயிருக்கு ஆபத்து என்பது மட்டும் அதில் இருக்க வேண்டும். உங்கள் வீட்டில் அது மாத்திரை, வலிப்பு, வெளிக்கதவு, யாரைக் கூப்பிடுவது, அவ்வளவுதான். எந்தத் தட்டு யாருக்கு என்பது மாறினால் ஒன்றும் ஆகாது, அது பின்னால் போகட்டும். ராத்திரி பதினொரு மணிக்குக் கரண்ட் இல்லாமல் போன் வெளிச்சத்தில் படிக்கிற மாதிரி பெரிய எழுத்தில் எழுதுங்கள். ஐப்பசி மழையில் நம் பக்கம் கரண்ட் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

இன்னொன்று, எது வழக்கம் என்பதை எழுதுங்கள். இதை யாரும் எழுதுவதே இல்லை. நான் பார்த்துக்கொண்ட ஒரு நாய் தூங்கும்போது காலை உதறிக்கொண்டு முனகும். அது அதன் பழக்கம், வீட்டுக்காரர்களுக்கு அது கண்ணிலேயே படாத விஷயம், அதனால் சொல்லவில்லை. எனக்கு முதல் ராத்திரி உயிர் போய் வந்தது. நடுராத்திரியில் அவர்களுக்குப் போன் போட்டு எழுப்பினேன். செம்பன் எவ்வளவு தண்ணீர் குடிப்பான், ஒரு நாளைக்கு எத்தனை தடவை வெளியே போவான், அந்நியர் வந்தால் குரைப்பானா பதுங்குவானா, எங்கே தூங்குவான், எல்லாம் வேண்டும். வழக்கம் தெரிந்தால்தான் வழக்கத்துக்கு மாறானது கண்ணில் படும்.

"எப்ப வேணும்னாலும் கூப்பிடு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகாதீர்கள். நீங்கள் மாமியாரோடு கோவிலில் வரிசையில் நிற்பீர்கள், ரயிலில் பாதி நேரம் சிக்னல் இருக்காது. அந்தப் பையன் பத்து தடவை யோசித்துவிட்டுக் கூப்பிடாமல் இருந்துவிடுவான், நான் அப்படி இருந்திருக்கிறேன். எதற்குக் கூப்பிட வேண்டும், எதற்குக் கூப்பிடாமலே டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடலாம் என்று பிரித்து எழுதுங்கள். செலவுக்குப் பணத்தை ஒரு கவரில் வைத்து, "இதைச் செலவு செய்ய என்னைக் கேட்க வேண்டாம்" என்று மேலேயே எழுதிக் கொடுங்கள். அந்த ஒரு வரி பெரிய பாரத்தை இறக்கும்.

அப்புறம் முக்கியமானது ஒன்று. கிளம்புவதற்கு முன்னால் ஒரு நாள் முழுக்க அவனையே செய்யவிட்டு, நீங்கள் வாயைத் திறக்காமல் உட்கார்ந்து பாருங்கள். எங்கே உங்கள் வாய் தானாகத் திறக்கிறதோ அங்கேதான் நீங்கள் எழுதாமல் விட்டது இருக்கிறது.

ஓய்வு பெற்ற ஆய்வாளர்

அம்மா, நான் மருத்துவர் இல்லை, கால்நடை ஆய்வாளராக முப்பது வருஷம் இந்தக் காவிரிக் கரையில்தான் வேலை பார்த்தேன். உங்கள் டாக்டர் சொல்வதே முடிவு, நான் சொல்வதை அவரிடம் ஒரு தடவை காட்டிவிடுங்கள்.

வலிப்பு மாத்திரையில் ஒரு வேளைகூட விடக் கூடாது. திடீரென்று நின்றால் அடக்கி வைத்திருந்த வலிப்பு ஒன்றன்பின் ஒன்றாக வரலாம். எண்ணி 24 மாத்திரை வைத்துவிட்டுப் போகாதீர்கள். ரயில் தாமதமாகலாம், ஒன்று தண்ணீரில் விழலாம், கூடுதலாக ஒரு வாரத்துக்கு வையுங்கள். இந்த மாத்திரையைச் சீட்டு இல்லாமல் கடையில் தர மாட்டார்கள், டாக்டர் சீட்டின் நகலும் வீட்டில் இருக்க வேண்டும். நேரம் தப்பிவிட்டால் ஞாபகம் வந்ததும் கொடுக்கலாமா, அடுத்த வேளை நெருங்கிவிட்டால் என்ன செய்வது என்று டாக்டரிடம் கேட்டு ஒரு வரியில் எழுதுங்கள். எப்படியும் இரண்டு மாத்திரையை ஒன்றாகக் கொடுக்கக் கூடாது.

என் சொந்த வழி ஒன்று சொல்கிறேன். கோவிலில் விபூதி மடிப்பது போலச் சின்னச் சின்னப் பொட்டலமாக மடித்து, தேதியும் காலையா ராத்திரியா என்பதும் எழுதி, வரிசையாக ஒரு எவர்சில்வர் டப்பாவில் அடுக்கிவிடுங்கள். பொட்டலம் இருந்தால் கொடுக்கவில்லை, இல்லையென்றால் கொடுத்தாகிவிட்டது. "நான் கொடுத்தேனா, அம்மா கொடுத்தாங்களா" என்ற சந்தேகமே வராது.

இந்த மாத்திரை சாப்பிடும் நாய்க்குப் பசியும் தாகமும் கூடும், சிறுநீரும் அதிகம் போகும். இதைத் தம்பிக்குச் சொல்லியிருக்கிறீர்களா? சொல்லாவிட்டால் பாவம், பட்டினி கிடக்கிறது என்று மூன்று மடங்கு போடுவான். இல்லையென்றால் வீட்டுக்குள்ளேயே போகிறது என்று தண்ணீரைக் குறைப்பான், அது அதைவிடக் கெடுதல்.

வலிப்பு வந்தால் முதல் வேலை போனில் மணி பார்ப்பது. பயத்தில் ஒரு நிமிஷம் பத்து நிமிஷமாகத் தெரியும். வாய்க்குள் கையையோ கரண்டியையோ விடக் கூடாது, தண்ணீர் ஊற்றக் கூடாது. நம் ஊரில் வலிப்பு என்றாலே யாராவது இரும்புச் சாவியைத் தூக்கிக்கொண்டு ஓடி வருவார்கள், அதனால் எந்தப் பிரயோஜனமும் இல்லை, கடி வாங்குவதுதான் மிச்சம். சுற்றியிருக்கும் பொருளை நகர்த்தி, விளக்கை அணைத்து, சத்தம் இல்லாமல் பக்கத்தில் இருந்தால் போதும். முடிந்தால் வீடியோ எடுக்கட்டும், டாக்டருக்கு உதவும். ஐந்து நிமிஷத்தைத் தாண்டினாலோ, ஒரே நாளில் இரண்டு தடவை வந்தாலோ உடனே மருத்துவமனை. நின்றபிறகு கொஞ்ச நேரம் கண் தெரியாதது போல் சுவரில் முட்டும், ஆளை அடையாளம் தெரியாது, அப்போது கட்டிப்பிடித்துக் கொஞ்சக் கூடாது. கொல்லையில் கிணறு இருந்தால் மூடிவிட்டுப் போங்கள்.

கடி பட்டுவிட்டால், ஊசி போட்ட நாய்தானே என்று விடவே கூடாது. சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிஷம் கழுவிவிட்டு நேரே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போக வேண்டும். அங்கே ஊசி இலவசம். கையில் தோலுக்குள் போடுவது முதல் நாள், 3, 7, 28 என்று நான்கு தவணை. செம்பனுக்கு இந்த வருஷத்து வெறிநோய்த் தடுப்பூசி போட்டாயிற்றா என்று பார்த்து, அட்டையை டப்பாவோடு வையுங்கள்.

அவசரத்துக்கு ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, ஆனால் உங்கள் ஊரிலிருந்து தூரம். நாயை ஏற்றிக்கொள்ளும் ஆட்டோ எது என்று இப்போதே பேசி வையுங்கள், நிறைய பேர் ஏற்ற மாட்டார்கள். 1962 என்ற எண்ணில் கால்நடை ஊர்தி உண்டு, அது பெரும்பாலும் ஆடு மாடுகளுக்காக வந்தது, அதை மட்டும் நம்பியிருக்க வேண்டாம்.

இந்தப் பருவத்தில் சம்பா வயல் வரப்பில் எலிக்கு மருந்து வைப்பார்கள். 12 நாளும் சங்கிலி இல்லாமல் வயல் பக்கம் விட வேண்டாம். தின்றுவிட்டான் என்று தெரிந்தால் மருந்தின் உறையையும் எடுத்துக்கொண்டு ஓட வேண்டும், ஏனென்றால் ஒரு வகை சில மணி நேரத்தில் கொல்லும், இன்னொரு வகை ரத்தத்தை உறையவிடாமல் செய்து இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் வெளியே தெரியும், அதற்கு வைட்டமின் கே கொடுத்துக் காப்பாற்றலாம். இரண்டுக்கும் வைத்தியம் வேறு.

மாயூரத்துக்காரி

அக்கா, பெரியவர் நாயைப் பற்றிச் சொல்லிவிட்டார். நான் மீனுவுக்காக எழுதுகிறேன்.

எங்களுடையது மயிலாடுதுறையில் மாடி வீடு, ஒரு ஆண் பூனை இருந்தான், மணல் தட்டில்தான் எல்லாம் போவான். ஒரு கல்யாணத்துக்கு ஐந்து நாள் போனோம், சொந்தக்காரப் பெண் ஒருத்தி வந்து பார்த்துக்கொண்டாள். நல்ல பெண், குறை சொல்ல மாட்டேன். நான் அவளுக்கு எழுதிக் கொடுத்தது முழுக்கச் சாப்பாடுதான். எத்தனை மணிக்கு மீன், எவ்வளவு சோறு, பால் கொடுக்காதே என்றெல்லாம் எழுதினேன். மணல் தட்டு தினமும் நனைந்திருக்கிறதா என்று பார் என ஒரு வரி எழுதவில்லை. இரண்டாம் நாளிலிருந்து தட்டில் போய் உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்திருக்கிறான், அவள் மலச்சிக்கல் என்று நினைத்துக்கொண்டாள். ஆண் பூனைக்குச் சிறுநீர் அடைத்தால் ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாது என்று எனக்கே பிறகுதான் தெரியும். நான்காம் நாள் காலை போய்விட்டான். நான்கு வருஷமாகிறது, இன்றைக்கும் அந்த மூலையில் தட்டு இருந்த இடத்தை என்னால் பார்க்க முடிவதில்லை.

மீனு பெண் பூனை, அந்த ஆபத்து குறைவு. ஆனாலும் உள்ளே போவதை மட்டும் எழுதாமல் வெளியே வருவதையும் எழுதுங்கள். பூனை இரண்டு நாள் சேர்ந்தாற்போல் ஒன்றும் தின்னாமல் இருந்தால் அது சும்மா கோபம் இல்லை, டாக்டரைப் பார்க்க வேண்டும். காய்ச்சல் மாதிரி இருக்கிறது என்று யாரும் வீட்டில் இருக்கும் பாராசிட்டமால் கொடுத்துவிடக் கூடாது, ஒரே மாத்திரை பூனையைக் கொன்றுவிடும், இதைச் சிவப்பு மையில் எழுதுங்கள்.

இன்னொரு விஷயம், யாரும் கேட்கவில்லை, நான் கேட்கிறேன். தீபாவளி விடியற்காலையில் அந்தத் தம்பி எங்கே இருப்பான்? அவன் வீட்டில் எண்ணெய் தேய்த்துக்கொண்டு இருப்பான். செம்பனோடு யார் இருப்பார்கள்? வெடிக்கு அரசு சொல்லும் நேரம் காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8. ஆனால் எங்கள் தெருவில் நான்கு மணிக்கே முதல் சரம் வெடித்துவிடும், உங்கள் ஊரும் அப்படித்தான் இருக்கும். ராத்திரி எட்டு மணி மாத்திரையும் சரியாக அந்த வெடி நேரத்தில் வந்து விழுகிறது. பயத்தில் கட்டிலுக்கு அடியில் போய்விட்ட நாய் எட்டு மணிக்கு எதையும் வாயில் வாங்காது.

கொல்லைப்புறம்

மாயூரத்து அக்கா, உங்கள் பூனையைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். எழுதியதற்கு நன்றி. தீபாவளிக் காலையை நான் யோசிக்கவே இல்லை, எனக்கு எப்படி அது தோன்றாமல் போனது என்று தெரியவில்லை, வருஷா வருஷம் அந்த நேரத்தில் செம்பனோடு ரேழியில் உட்கார்ந்திருப்பவளே நான்தான்.

நேற்று அந்தப் பையனின் அம்மாவிடம் போய் நேரிலேயே கேட்டேன். பேசிக்கொண்டிருக்கும்போதே அவர்கள் வீட்டு அப்பாயி உள்ளிருந்து, "நான் முந்தின ராத்திரியே வந்து உங்க ரேழியில படுத்துக்கறேன், எனக்கு எந்த வெடி?" என்றார். காது கொஞ்சம் மந்தம், செம்பனுக்கும் அவரைப் பிடிக்கும். தம்பி குளித்துவிட்டு ஏழு மணிக்கு வந்துவிடுவான். டாக்டரிடமும் கேட்டுவிட்டேன், அன்று ஒரு நாள் ராத்திரி மாத்திரையை ஆறரைக்கே கொடுத்துவிடச் சொன்னார், மறுநாள் காலை வழக்கம்போல் எட்டு மணி. உள் அறையில் ஜன்னலைச் சாத்தி, மின்விசிறியை வேகமாக வைத்து, ரேடியோவைச் சத்தமாகப் போட்டுவிடச் சொல்லியிருக்கிறேன்.

வடுவூர்த் தம்பி சொன்ன ஒத்திகையையும் இன்று செய்து பார்த்தோம். நான் திண்ணையில் உட்கார்ந்துகொண்டு வாயே திறக்கவில்லை. அவன் மாத்திரையைத் தயிர்சாதத்தில் உருட்டிக் கொடுத்தான், செம்பன் வாங்கிக்கொண்டான், தம்பி தட்டைக் கழுவப் போனான். செம்பன் மெதுவாக எழுந்து துளசி மாடத்துக்குப் பின்னால் போய், சாதத்தை மட்டும் விழுங்கிவிட்டு மாத்திரையை ஈரமாகக் கீழே வைத்துவிட்டு வந்து படுத்துக்கொண்டான். என் வாய் அங்கேதான் திறந்தது. நான் தினமும் கொடுத்தபிறகு தாடையைத் தடவிக்கொண்டே இரண்டு நிமிஷம் அவன் பக்கத்தில் உட்காருவேன், ஏன் உட்காருகிறேன் என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. ஆறு பக்கத்திலும் அது இல்லை. மூன்று வருஷம் என் கை தானாகச் செய்த வேலை அது. அந்த மாத்திரையைத் துடைத்து வெல்லத் துணுக்குக்குள் வைத்து மறுபடி கொடுத்தோம், இந்தத் தடவை தம்பியே தாடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான்.

முதல் பக்கத்தை இப்படி எழுதியிருக்கிறேன். விட்டது இருந்தால் சொல்லுங்கள்.

"தம்பி, காலை 8, ராத்திரி 8, பொட்டலத்தில் தேதி பார்த்துக் கொடு. தீபாவளி அன்று மட்டும் ராத்திரி மாத்திரை ஆறரைக்கே. கொடுத்தபிறகு இரண்டு நிமிஷம் தாடையைத் தடவிக்கொண்டு பக்கத்தில் உட்கார், துளசி மாடத்துப் பின்னால் ஒரு தடவை பார். துப்பியிருந்தால் அதையே திரும்பக் கொடு. பொட்டலம் மிஞ்சினால் மறைக்காதே, டாக்டருக்குப் போன் செய், நான் ஒரு வார்த்தை கோபப்பட மாட்டேன்.

தண்ணீர்ச் சட்டி எப்போதும் நிறைந்திருக்க வேண்டும். நிறைய குடிப்பான், சோறு கேட்டுக்கொண்டே இருப்பான், அது மாத்திரையால் வருவது. உழக்கு அளவுக்கு மேல் போடாதே. அதிரசம், சாக்லேட், திராட்சை போட்ட பாயசம், வெங்காயம் யார் கொடுத்தாலும் வேண்டாம் என்று சொல்.

வலிப்பு வந்தால் மணி பார். வாயில் கை வைக்காதே. விளக்கை அணை. ஐந்து நிமிஷம் தாண்டினால், அல்லது அன்றைக்கே இரண்டாவது தடவை வந்தால், என்னைக் கேட்க வேண்டாம், ஆட்டோவைக் கூப்பிடு. அரிசி டிரம் மேல் உள்ள கவரில் 6,000 ரூபாய் இருக்கிறது, கணக்கு வேண்டாம்.

வாசல் கதவைச் சாத்தியபிறகு கொண்டி போட்டிருக்கிறதா என்று இழுத்துப் பார். தீபாவளிக்கு முந்தின நாளும் தீபாவளி அன்றும் வெளியே கூட்டிப் போனால் கழுத்துப் பட்டையோடு மார்ப்பட்டையும் போடு. வயல் பக்கம் வேண்டவே வேண்டாம்.

மீனு ராத்திரி வந்தாளா, தின்றாளா என்று மட்டும் பார். வெடிக்குப் பயந்து ஒரு ராத்திரி வராமல் இருப்பாள், வைக்கோல் போரில் மேற்குப் பக்கம் பார். இரண்டு நாள் தின்னாவிட்டால் டாக்டர். மனிதர் மாத்திரை எதுவும் கொடுக்காதே."

வடுவூர்க்காரன்

அக்கா, நன்றாக இருக்கிறது, எனக்குக் கொடுத்திருந்தால் தைரியமாக வாங்கியிருப்பேன். இரண்டு விஷயம். பொட்டல டப்பா எங்கே இருக்கும் என்று எழுதவில்லை. கொல்லைப் பக்கம் ராத்திரி போகும்போது டார்ச் அடித்துக்கொண்டு போகச் சொல்லுங்கள், மழைக்குக் கண்ணாடி விரியன் விறகுக் கட்டைக்கு அடியில் வந்து படுத்திருக்கும், நாய்க்கு முன்னால் அவன் பத்திரம். நாய் பாம்போடு மல்லுக்கு நின்று முகம் வீங்கியிருந்தால் கட்டுப் போடுவது, கீறுவது எதுவும் வேண்டாம், நேரம் கடத்தாமல் நேரே டாக்டர்.

ஓய்வு பெற்ற ஆய்வாளர்

கிணறு?

கொல்லைப்புறம்

டப்பா அடுப்பங்கரையில் அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கும், எழுதிவிட்டேன். டார்ச் வாசல் ஆணியில் மாட்டியிருக்கிறது, புது பேட்டரி போட்டாயிற்று, அதையும் பாம்பையும் சேர்த்துக்கொண்டேன்.

ஐயா, கிணற்றுக்கு ஆசாரி வந்து அளவெடுத்துக்கொண்டு போயிருக்கிறார், நாளை மறுநாள் பலகை மூடி வந்துவிடும். அதுவரை தகரத்தைப் போட்டு மேலே அம்மியை ஏற்றி வைத்திருக்கிறோம். நாளை காலை எட்டு மணி மாத்திரையைத் தம்பி தனியாகக் கொடுக்கப் போகிறான். நான் அந்த நேரத்தில் கடைத்தெருவுக்குப் போய்விடலாம் என்று இருக்கிறேன்.